ஒரு வாளி தண்ணீர்: மசகு எண்ணெய்ச் சுத்திகரிப்பில் மின்புலம் தடுமாறிய ஒரு நிகழ்வு ஆய்வு

கட்டுப்பாட்டுப் பலகையில் இருந்த மில்லியாம்பியர் முள் ஒரு நாள் 2-இல் ஆடாமல் நின்றது. மறுநாள் அதே எண்ணெய், அதே வெப்பநிலை, அதே மின்னழுத்தம். ஆனால் முள் 5-க்கும் 40-க்கும் இடையே துள்ளியது, கடைசியில் மின்சாரமே ட்ரிப் ஆனது. மறுபடி போட்டால் பத்து நிமிடம் ஓடும், அப்புறம் விழும். மூன்று வாரம் இப்படியே போனது. கோளாறு மின்சாதனத்தில் இல்லை என்று தெரியவே இரண்டு வாரம் ஆனது. எங்கே இருக்கிறது என்று தெரிய இன்னும் ஒரு வாரம்.

பயன்படுத்திய எஞ்சின் எண்ணெயைச் சுத்திகரித்து மறுபடி அடிப்படை எண்ணெயாக்கும் சிறிய ஆலை அது. பெயர் வேண்டாம். நான் அங்கே செயல்முறைப் பொறியாளராக இருந்தேன். அமிலமும் களிமண்ணும் கொண்டு சுத்தம் செய்யும் பழைய முறையில்தான் ஆலை ஓடியது. வெற்றிட வடிப்பும் ஹைட்ரஜன் சுத்திகரிப்பும் வந்த பிறகு இந்த முறை பல இடங்களில் ஒதுங்கிவிட்டது, ஒதுங்க வேண்டியதும்தான். அமிலக் கசடை எங்கே கொட்டுவது என்ற கேள்விக்கு இதில் நல்ல பதில் கிடையாது. ஆனால் எண்ணெய்க்குள் மின்புலம் என்ன செய்கிறது, எப்போது ஒன்றும் செய்யாமல் போகிறது என்பதைக் கண்ணால் பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்கு வாய்த்ததில்லை.

மிளகு

முதலில் செயல்முறையைச் சொல்லிவிடுகிறேன். பழைய எண்ணெயைச் சூடாக்கி அதிலுள்ள நீரையும், கலந்திருக்கும் பெட்ரோல், டீசல் போன்ற இலகு எண்ணெய்களையும் ஓட்டிவிடுவார்கள். ஆறிய பிறகு கூம்பு அடியுள்ள தொட்டியில் விட்டு, 98 சதவீதக் கந்தக அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் காற்று ஊதிக் கலக்குவார்கள். ஆக்ஸிஜனேற்றம் அடைந்த பொருள்கள், பிசின்கள், பழைய சேர்மானங்களின் மிச்சம், உலோக சோப்புகள் எல்லாம் அமிலத்தோடு சேர்ந்து கறுப்பாக, தார் போலத் திரண்டு அடியில் இறங்கும். மேலே நிற்கும் எண்ணெயை இறக்கிக் களிமண் கலந்து சூடாக்கி, அழுத்தி வடிகட்டும் ஃபில்டர் பிரஸ்ஸில் விட்டால் வேலை முடிந்தது. நிறத்தையும் நாற்றத்தையும் மிச்சமிருக்கும் அமிலத்தையும் களிமண் இழுத்துக்கொள்ளும்.

இதில் சிக்கல் கசடின் ஒரு பகுதியால் வருகிறது. பெரிய உருண்டைகள் தாமாக இறங்கிவிடும். நுண்ணிய துகள்கள் இறங்காது. எண்ணெயை ஒரு கண்ணாடிக் குவளையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால், சிவந்த எண்ணெய்க்குள் மிளகைப் பொடித்துத் தூவியது போல மிதக்கும். இந்தத் தொழிலில் இதற்கு ஆங்கிலத்தில் பெப்பர் என்று பெயர். எங்கள் ஆலையில் மிளகு.

மிளகு ஏன் இறங்காது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். துகளுக்கும் எண்ணெய்க்கும் அடர்த்தி வித்தியாசம் கன சென்டிமீட்டருக்கு 0.3 கிராம், எண்ணெயின் பாகுநிலை 40 சென்டிபாய்ஸ் என்று வைத்துக்கொள்வோம். திரவத்தில் துகள் இறங்கும் வேகத்தைச் சொல்லும் ஸ்டோக்ஸ் விதிப்படி 100 மைக்ரான் துகள் ஒரு மீட்டர் இறங்க ஏழு மணி நேரம் எடுக்கும். 10 மைக்ரான் துகளுக்கு ஏறத்தாழ 28 நாள். 1 மைக்ரான் துகளுக்கு ஏழரை ஆண்டுக்கும் மேலே. விட்டம் பத்தில் ஒன்றானால் வேகம் நூறில் ஒன்றாகிறது, அதனால் வரும் வினை. தொட்டியை ஒரு நாள் நிறுத்தினாலும் இரண்டு நாள் நிறுத்தினாலும் சிறு மிளகுக்கு அது ஒன்றுதான்.

இறங்காத மிளகு அப்படியே களிமண் தொட்டிக்குப் போகும். சூடானதும் அமிலத் துகள் எண்ணெயிலேயே கரைந்து கறுக்க ஆரம்பிக்கும். அதைச் சரிக்கட்ட இன்னும் களிமண் வேண்டும். களிமண் கூடினால் பிரஸ்ஸில் கட்டி கூடும், அந்தக் கட்டிக்குள் நல்ல எண்ணெயும் மாட்டிக்கொண்டு போகும். ஆலை காசை விடும் ஓட்டை அங்கேதான் இருந்தது.

மின்சாரம் எதற்கு

புவியீர்ப்பு துகளின் எடையைப் பிடித்து இழுக்கிறது. எடை சிறிதென்றால் இழுப்பும் சிறிது. ஆனால் எண்ணெயில் மிதக்கும் துகளுக்குப் பெரும்பாலும் கொஞ்சம் மின்னூட்டமும் இருக்கும். எண்ணெய் நல்ல மின்காப்புப் பொருள் என்பதால், அதற்குள் பலமான மின்புலத்தை நிறுத்திவைக்க முடியும். அப்போது துகளை அதன் மின்னூட்டத்தைப் பிடித்து இழுக்கலாம்.

அதே எண்ணெய், அதே பாகுநிலை. இரண்டு தகடுகளை 1 சென்டிமீட்டர் இடைவெளியில் வைத்து 10 கிலோவோல்ட் கொடுக்கிறோம். துகளின் மேற்பரப்பு மின்னழுத்தம் 50 மில்லிவோல்ட் என்று எடுத்துக்கொண்டால், அது அந்த ஒரு சென்டிமீட்டரைக் கடக்கச் சுமார் பத்து நிமிடம் ஆகும். 1 மைக்ரான் துகளை ஒப்பிட்டால், தானாக இறங்கும் வேகத்தைப் போல ஏறக்குறைய 4,000 மடங்கு. இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. இந்தக் கணக்கில் துகளின் அளவு வரவே இல்லை. சின்னதும் பெரியதும் ஒரே வேகத்தில் போகின்றன. வடிகட்டியும் மையவிலக்கியும் திணறுகிற இடத்தில் மின்புலம் உதவுவதற்குக் காரணம் இதுதான்.

இது மின்னூட்டத்தைப் பிடித்து இழுக்கும் முதல் விசையின் கதை. இரண்டாவது விசை ஒன்றும் உண்டு. துகளுக்கு மொத்த மின்னூட்டம் பூச்சியமாக இருந்தாலும், மின்புலத்தில் அதன் ஒரு பக்கம் நேராகவும் மறுபக்கம் எதிராகவும் பிரியும். பக்கத்துத் துகளுக்கும் அப்படியே. ஒன்றின் நேர்ப்பக்கம் அடுத்ததன் எதிர்ப்பக்கத்தை இழுக்கும். இரண்டும் ஒட்டும், மூன்றாவது வந்து சேரும், ஒரு சங்கிலி உருவாகும். நீர்த்துளிகளாக இருந்தால் ஒன்றாகிப் பெரிய துளியாகும். கச்சா எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைக்குள் நுழைந்ததும் உப்பு நீரை எடுக்கும் டீசால்டர் தொட்டிகள் இந்த விசையை நம்பித்தான் ஓடுகின்றன. இந்த இரண்டு விசைகளையும் வேறுபடுத்திப் பார்க்கத் தெரிந்ததுதான் பிறகு எங்களைக் காப்பாற்றியது.

இங்கே ஒருவரைச் சொல்ல வேண்டும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் இருந்த ஃபிரடெரிக் காட்ரெல், கந்தக அமிலத் தயாரிப்பில் வரும் அமிலப் பனிமூட்டத்தைப் பிடிக்க வழி தேடி, வாயுவில் மிதக்கும் துகள்களை உயர் மின்னழுத்தத்தால் படியவைக்கும் முறைக்கு 1908-இல் காப்புரிமை பெற்றார். பிறகு ஜேம்ஸ் ஸ்பீடோடு சேர்ந்து, கச்சா எண்ணெயில் குழம்பிக் கிடக்கும் நீரை மின்புலத்தால் பிரிக்கும் முறைக்கு 1911-இல் காப்புரிமை வாங்கினார். காற்றில் மிதந்த கந்தக அமிலத்தில் தொடங்கிய வேலை அது. நாங்கள் எண்ணெயில் மிதந்த கந்தக அமிலத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். நூறு ஆண்டுக்கு மேல் பழைய சங்கதிதான், புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை.

கண்ணாடிப் பெட்டியில் ஜெயித்தது

முதல் சோதனை ஆய்வகத்தில். ஒரு கண்ணாடிப் பெட்டி, 10 மி.மீ. இடைவெளியில் இரண்டு துருப்பிடிக்காத எஃகுத் தகடுகள், பின்னால் பலமான விளக்கு. அமிலம் கண்டு, பெரிய கசடு இறங்கிய எண்ணெயை ஊற்றி, நேர்மின்னழுத்தத்தை (திசை மாறாத டி.சி.) மெல்ல 10 கிலோவோல்ட் வரை ஏற்றினோம்.

முதல் நிமிடம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு எண்ணெய் முழுவதும் லேசாகச் சுழல ஆரம்பித்தது. அப்புறம் ஒரு தகட்டை ஒட்டித் தெளிந்த பட்டை ஒன்று தோன்றி அகன்றுகொண்டே போனது. கால் மணி நேரத்தில் எதிர்த்தகட்டில் கறுப்புப் பூச்சு, நடுவில் கண்ணாடி போல எண்ணெய். கணக்கு சொன்ன பத்து நிமிடத்துக்கு இது அவ்வளவு தூரமில்லை. முனைகளை மாற்றிப்போட்டோம். பூச்சு உதிர்ந்து மறுபக்கம் நடக்க ஆரம்பித்தது. துகளுக்கு உண்மையிலேயே ஒரே வகை மின்னூட்டம் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அந்த நாளில் நான் கொஞ்சம் கூடுதலாகவே மகிழ்ந்துவிட்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

ஆலைக்கு ஒரு தொட்டி செய்தோம். செங்குத்தான எஃகு உருளை, நிலத்தோடு இணைத்தது. உள்ளே தொங்கும் மின்முனைகள், மொத்தப் பரப்பு 5 சதுர மீட்டர், இடைவெளி 50 மி.மீ. மேலிருந்து டெஃப்லான் புஷிங் (மின்கம்பி தொட்டியைத் தொடாமல் உள்ளே போக வைக்கும் காப்பு உறை) வழியாக 20 கிலோவோல்ட் நேர்மின்னழுத்தம். டிரான்ஸ்ஃபார்மரும் ரெக்டிஃபையரும் சேர்ந்த அந்தப் பெட்டி 50 மில்லியாம்பியர் தாண்டினால் தானாக நின்றுவிடும். மின்புலம் ஆய்வகத்தில் இருந்ததைவிடக் குறைவு, சென்டிமீட்டருக்கு 4 கிலோவோல்ட். இடைவெளியும் பெரிது. பழைய கணக்கின்படி 50 மி.மீ. கடக்க ஏறத்தாழ இரண்டு மணி நேரம். அதனால் எண்ணெய் தொட்டிக்குள் குறைந்தது இரண்டு மணி நேரம் தங்குமாறு பம்பின் வேகத்தைக் குறைத்து வைத்தோம்.

எதிர்பார்க்க வேண்டிய மின்னோட்டத்தையும் முன்பே கணக்குப் போட்டிருந்தோம். எண்ணெயின் கடத்துதிறன் மீட்டருக்கு 1,000 பிகோசீமன்ஸ் என்றால் அந்த மின்புலத்தில் சதுர மீட்டருக்கு 0.4 மில்லியாம்பியர் ஓடும். 5 சதுர மீட்டருக்கு 2 மில்லியாம்பியர். முதல் நாள் முள் நின்றதும் சரியாக அங்கேதான். கீழே எடுத்த மாதிரியில் மிளகு இல்லை. எல்லோரும் கை குலுக்கிக்கொண்டோம்.

ஆலையில் தோற்றது

மறுநாள் நடந்ததை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

முதல் சந்தேகம் டிரான்ஸ்ஃபார்மர் மேல் விழுந்தது. விழாமல் என்ன செய்யும், புதிதாக வந்தது அதுதானே. தொட்டியைக் காலி செய்து, கழுவி, வெறும் தொட்டியில் மின்காப்புத் தடையை அளந்தோம். குறை ஒன்றும் இல்லை. அடுத்து புஷிங். வெளிப்பக்கத்தில் ஈரமோ அழுக்கோ இருந்தால் அதன் மேற்பரப்பு வழியாகவே மின்சாரம் ஒழுகும். துடைத்தோம், பார்த்தோம், புதிது ஒன்றை மாற்றியும் பார்த்தோம். பயனில்லை. மூன்றாவது, அடியில் சேர்ந்த கசடு மின்முனையைத் தொடுகிறதா என்று. கூம்பைக் காலி செய்துவிட்டு ஓட்டினோம். அன்றைக்கு ஓடியது! மறுநாள் மறுபடி ட்ரிப்.

நான்காவதாக வெப்பநிலையைப் பிடித்தேன். எண்ணெயில் இது ஒரு கயிறிழுப்பு. சூடு கூடினால் பாகுநிலை குறையும், துகள் வேகமாக நகரும். அதே சூட்டில் கடத்துதிறனும் ஏறும், மின்னோட்டம் கூடும். அமிலம் கண்ட எண்ணெயில் இது இன்னும் கூர்மை, ஏனென்றால் அமிலத்தோடு வினைபுரிந்து உருவாகும் சல்ஃபோனிக் அமிலங்களில் ஒரு பகுதி எண்ணெயிலேயே கரைந்து நின்றுவிடும். விமான எரிபொருளில் நிலைமின்சாரம் தேங்காமல் இருக்கச் சேர்க்கும் பொருளிலும் எண்ணெயில் கரையும் சல்ஃபோனிக் அமிலம் ஒன்று இருக்கிறது. அவர்கள் வேண்டுமென்று சேர்ப்பது எங்கள் எண்ணெயில் வேண்டாமலே ஊறிக் கிடந்தது.

சரி என்று வெப்பநிலையைப் பத்து டிகிரி குறைத்தோம். முள்ளின் அடிப்படை அளவு இறங்கியது. ஆனால் துள்ளல் நிற்கவில்லை.

அந்த இடத்தில் நான் முன்பே யோசித்திருக்க வேண்டிய ஒன்று பிடிபட்டது. கரைந்திருக்கும் அயனிகளால் மின்னோட்டம் கூடினால், முள் ஏறி ஓர் இடத்தில் நிற்கும். துள்ளாது. துள்ளுகிறது என்றால் இரண்டு முனைகளுக்கும் நடுவே ஏதோ ஒன்று பாலம் போடுகிறது, போட்டது எரிந்து அறுகிறது, மறுபடி போடுகிறது. டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயை 2.5 மி.மீ. இடைவெளியில் வைத்து மின்முறிவுச் சோதனை செய்பவர்களுக்கு இது பழகிய காட்சி. உலர்ந்த சுத்தமான எண்ணெய் 70 கிலோவோல்ட்டைத் தாங்கும். அதிலேயே ஈரம் குடித்த பஞ்சுநார் நாலு விழுந்தால், அவை மின்புலத்தில் வரிசையாக நின்று வழி திறந்துவிடும். தூசியும் நீரும் தனித்தனியாகச் செய்யும் கெடுதலைவிடச் சேர்ந்து செய்வது பெரிது.

எங்கள் எண்ணெயில் நீர் எங்கிருந்து வரும்? அமிலத்துக்கு முன்பே நீரை ஓட்டிவிடுகிறோம். அதன் பிறகு சேர்வது 98 சதவீத அமிலம். நீர் வர வழியே இல்லை என்று பதிவேடு சொன்னது.

பதிவேட்டில் இல்லாதது

ட்ரிப் ஆன நேரங்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு முறையும் தொட்டிக்குள் இருந்தது எந்தத் தொகுதி எண்ணெய், அதற்கு அமிலம் போட்டது எந்த ஷிஃப்ட் என்று பக்கத்தில் குறித்தோம். இதை முதல் நாளே செய்திருக்கலாம். செய்யவில்லை. மீட்டரையும் புஷிங்கையும் நம்பிய அளவு காகிதத்தை நம்பவில்லை.

ட்ரிப் ஆன தொகுதிகள் பெரும்பாலும் ஒரே ஷிஃப்டைச் சேர்ந்தவை. அதுவும் ஆலையிலேயே மூத்த ஆபரேட்டரின் ஷிஃப்ட். வேடிக்கை என்னவென்றால், மின்தொட்டி வருவதற்கு முன்பு மிளகு மிகக் குறைவாக மிஞ்சிய எண்ணெய் அவருடையதுதான். ஆய்வகத்தில் அவர் எண்ணெய் என்றாலே ஒரு மரியாதை.

அவரிடமே போய்க் கேட்டேன். குற்றம் சாட்டுவது போல இருக்கக் கூடாது என்று சுற்றி வளைத்துப் பேசினேன். அவர் வளைக்கவில்லை.

"மிளகு இறங்கலைன்னா கடைசியில ஒரு வாளி தண்ணி தெளிச்சு விடுவேன், தம்பி. ரெண்டு நிமிஷம் காத்து விட்டா கப்புனு திரண்டு உட்காந்துரும்."

"அண்ணே, இது பதிவேட்டுல எங்கயும் இல்லையே?"

"ஒரு வாளி தண்ணிய எழுதி வைக்கிறதுக்கு என்ன இருக்கு?"

அவர் செய்தது தப்பே இல்லை. அமில முறையில் மிளகைத் திரட்டக் கொஞ்சம் நீர் தெளிப்பது பழைய, நல்ல உத்தி. நீரில் துகளின் மேற்பரப்பு நனைந்து ஒட்டும் தன்மை கூடும், துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பருக்கும், பருத்தால் இறங்கும். புவியீர்ப்பை மட்டும் நம்பியிருந்த காலத்தில் அந்த ஒரு வாளி பெரிய உதவி. ஆனால் எல்லாத் துகளும் இறங்குவதில்லை. மேலே மிஞ்சிய சின்னத் துகள்கள் முன்பு அடர் அமிலம் சுமந்தவை, இப்போது நீர்த்த அமிலம் சுமக்கின்றன. கந்தக அமிலத்தின் கடத்துதிறன் 98 சதவீதத்தில் உச்சமில்லை. 30 சதவீதத்தை ஒட்டித்தான் உச்சம். அதாவது மிஞ்சிய மிளகு ஒவ்வொன்றும் நல்ல மின்கடத்தித் துளியாகிவிட்டது. அத்தகைய துளிகளை நேர்மின்புலத்தில் விட்டால் அவை ஒரு தகட்டுக்கு நடந்து போகாது. கை கோத்து நிற்கும்.

ஆய்வகத்தில் எங்கள் சோதனை ஏன் ஜெயித்தது என்பதும் அப்போதுதான் விளங்கியது. மாதிரி எடுக்கும் பையன் காற்று ஊதுவது முடிவதற்குச் சற்று முன்பு எடுப்பான். வாளி அதற்குப் பிறகு வரும்.

இரண்டு குவளை

நம்பிவிடாமல் ஒருமுறை சோதித்துப் பார்த்தோம். ஒரே தொகுதி எண்ணெயை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் மட்டும் அவர் தெளிக்கும் விகிதத்தில் நீர் சேர்த்துக் கலக்கி, இரண்டையும் ஒரே நேரம் படியவிட்டு, மேலே நின்றதைக் கண்ணாடிப் பெட்டியில் ஊற்றினோம். பெரியவரும் வந்து நின்றார்.

நீர் சேராத எண்ணெய் பழையபடியே நடந்தது. மிளகு ஒரு தகட்டுக்குப் போனது, முனைகளை மாற்றினால் திரும்பியது. நீர் சேர்ந்த எண்ணெயில் 4 கிலோவோல்ட் தாண்டியதும் துகள்கள் ஒன்றன் பின் ஒன்றாக நின்று, முடி போல மெல்லிய இழைகளாகி, இரண்டு தகடுகளையும் தொட்டன. டிக், டிக் என்று சின்னப் பொறி. இழை அறுந்து சிதறியது. சில நொடியில் புதிய இழை. முனைகளை மாற்றினால் எந்த மாற்றமும் இல்லை. சங்கிலிக்குத் திசை கிடையாது, அதனால்தான். மேலே சொன்ன இரண்டு விசைகளில் எது ஆள்கிறது என்று பார்க்க முனை மாற்றுவதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

பெரியவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்ப நம்ம தண்ணிதான் கரண்ட்ட கூட்டிட்டுப் போகுது" என்றார். ஆய்வறிக்கையில் நான் ஒரு பக்கம் எழுதியது அவ்வளவுதான்.

எதை மாற்றினோம்

மூன்று வழிகள் இருந்தன. நீரை நிறுத்துவது முதலாவது. முன்னால் மாறுமின்னோட்டத் தொட்டி ஒன்றை வைத்து ஈரத்துளிகளைச் சேர்த்து இறக்கிவிட்டு, பிறகு நேர்மின்னோட்டத்துக்கு அனுப்புவது இரண்டாவது. டீசால்டர்களில் ஈரமான எண்ணெய்க்கு மாறுமின்னோட்டத்தை விரும்புவது இதே காரணத்தால்தான். முனைகள் மாறிக்கொண்டே இருந்தாலும் துளிகளுக்கு இடையிலான இழுப்பு மாறாது. நேர்மின்னோட்டத்தில் கவலைக்குரிய மின்வேதி அரிப்பும் குறைவு. தொழில்நுட்பமாகப் பார்த்தால் இதுதான் அழகான தீர்வு, ஆனால் இன்னொரு தொட்டி வேண்டும். மூன்றாவது, நீர் சேர்த்த தொகுதியை நீண்ட நேரம் நிறுத்திவிட்டு மின்தொட்டியைத் தொடாமல் நேராகக் களிமண்ணுக்கு அனுப்புவது.

முதல் வழியை வழக்கமாக்கினோம். ரொம்பவும் அடம்பிடிக்கும் தொகுதிக்கு மட்டும் மூன்றாவது. பெரியவரின் வாளி போய்விடவில்லை, அதற்குத் தனி வரிசை ஒன்று கிடைத்தது.

துள்ளல் நின்றது. முள் 2-க்கும் 4-க்கும் நடுவே, தொகுதிக்குத் தகுந்தபடி நின்றது. களிமண்ணைப் பழைய அளவிலேயே போட்டபோது எண்ணெய் தேவைக்கு மேல் வெளுத்தது. அதைப் பார்த்துத்தான் ஆய்வகம் களிமண்ணைத் தொகுதிக்குத் தொகுதி கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தது. ஃபில்டர் பிரஸ்ஸைத் திறந்து கட்டியை உதிர்ப்பவர்கள்தான் வித்தியாசத்தை முதலில் சொன்னார்கள். அவர்கள் முதுகுக்குத் தெரிந்தது.

மின்தொட்டி செய்யாதது

நிர்வாகத்தில் ஒருவர், இவ்வளவு தெளிவாக வருகிறதே, இனி களிமண்ணே வேண்டாமா என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். மின்தொட்டியிலிருந்து வரும் எண்ணெய் பளிச்சென்று இருக்கும், ஆனால் நிறம் மாறியிருக்காது. டி1500 நிற அளவுகோலில் உள்ளே போனதும் வெளியே வந்ததும் ஏறக்குறைய ஒரே எண். நிறம் கரைந்திருக்கும் மூலக்கூறுகளால் வருவது. மின்புலம் பிடிப்பது எண்ணெயிலிருந்து ஏற்கெனவே பிரிந்து தனித் துகளாகவோ துளியாகவோ நிற்பதை மட்டும். கரைந்த சல்ஃபோனிக் அமிலம், கரைந்த நீர், ஆக்ஸிஜனேற்றப் பொருள்கள் எல்லாம் அதன் கண்ணில் படாது. அவற்றுக்குக் களிமண்ணோ ஹைட்ரஜனோ கரைப்பானோதான் வேண்டும்.

டர்பைன் எண்ணெயில் வார்னிஷ் எனப்படும் பிசின் படிவை எடுக்க இதே வகை மின்கருவிகள் வைப்பவர்களுக்கும் இந்த வரம்பு தெரிந்திருக்கும். எண்ணெய் சூடாக இருக்கும்போது வார்னிஷின் பெரும்பகுதி கரைந்தே இருக்கும், கருவிக்குச் சிக்காது. ஆறினால்தான் நுண்துகளாகப் பிரிந்து வந்து மாட்டும்.

இன்னொரு தொல்லை, பிடித்த கசடு மின்முனையிலேயே ஒட்டிக்கொள்வது. அமிலக் கசடு நேரம் போகப் போக இறுகும். தினமும் ஒருமுறை எண்ணெய் ஓட்டத்தை நிறுத்தி, பிறகு மின்சாரத்தை நிறுத்தி, பூச்சு வழுக்கி அடியில் விழும்வரை காத்திருந்து, கூம்பை வடித்தோம். வரிசை முக்கியம். ஓட்டம் இருக்கும்போது மின்சாரத்தை நிறுத்தினால் பிடித்ததெல்லாம் மறுபடி எண்ணெயோடு கிளம்பிவிடும். ஒருமுறை அப்படி ஆகி, ஒரு நாள் உழைப்பு களிமண் தொட்டிக்குள் போனது. கூம்பை மிதமான சூட்டில் வைக்காவிட்டால் வால்வு அடைத்துக்கொள்ளும் என்பதையும் இதே மாதிரிதான் கற்றோம்.

பாதுகாப்பைப் பற்றி

20 கிலோவோல்ட்டும் எண்ணெயும் ஒரே தொட்டியில் இருக்கும்போது அசட்டையாக இருக்க முடியாது. தொட்டி எப்போதும் விளிம்புவரை எண்ணெயால் நிறைந்திருக்க வேண்டும். மேலே ஆவி தங்க இடம் இருந்தால் அங்கே ஒரு பொறி போதும். அதனால் மட்டம் இறங்கினால் மிதவை ஸ்விட்ச் மின்சாரத்தை வெட்டிவிடும், அதை யாரும் தற்காலிகமாகக்கூட இணைப்பு மாற்றி ஏமாற்றக் கூடாது. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் மின்முனையில் மின்னூட்டம் மிச்சமிருக்கலாம். நிலக்கம்பியால் தொட்டு இறக்காமல் மூடியைத் திறக்கக் கூடாது. அமிலத் தொட்டியிலிருந்து வரும் கந்தக டைஆக்ஸைடு வாயு தனிப் பிரச்சினை, அதற்கு உறிஞ்சும் அமைப்பு இருந்தது.

வெளியே போகும் எண்ணெய் மின்னூட்டத்தைச் சுமந்து போகுமா என்றும் கேட்டார்கள். எண்ணெயில் மின்னூட்டம் வடிய ஆகும் காலம் அதன் கடத்துதிறனைப் பொறுத்தது. மீட்டருக்கு 1,000 பிகோசீமன்ஸில் ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்குதான். 10 பிகோசீமன்ஸில் 2 நொடி. 1 பிகோசீமன்ஸில் 20 நொடி. அமிலம் கலந்த எங்கள் எண்ணெய்க்கு அந்தப் பயம் இல்லை. களிமண் கண்டு வடிகட்டி முடிந்த எண்ணெய்க்குத்தான் இருந்தது. 50 பிகோசீமன்ஸுக்குக் கீழே போன எண்ணெயை மின்னூட்டம் தேக்கும் திரவமாகவே நடத்த வேண்டும், நுண்வடிகட்டிக்குப் பிறகு அது தொட்டியில் விழுமுன் 30 நொடியாவது நிலத்தோடு இணைத்த குழாயில் ஓட வேண்டும் என்பது தொழிலில் ஏற்ற வழக்கம். எண்ணெய் சுத்தமாக ஆக ஆக நிலைமின் ஆபத்து கூடுகிறது. புதிதாக வருபவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும்.

இப்போது அந்த ஆலையின் அமிலத் தொட்டிப் பதிவேட்டில் ஒரு பத்தி கூடுதலாக இருக்கிறது: நீர் சேர்த்தது, எத்தனை லிட்டர். பெரும்பாலான நாட்களில் அதில் பூச்சியம். பெரியவரின் ஷிஃப்டில் மட்டும் பூச்சியத்துக்குப் பக்கத்தில், யாரும் கேட்காமலே, மில்லியாம்பியர் முள் நின்ற இடமும் எழுதியிருக்கும்.